அனுமதிக்கப்பட்ட பிழை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அப்பாவை மாமா வீட்டுச் சமையலறையில், மாவு நிறுக்கும் மெஷினுக்கு முன்னால், மகளின் கோலும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். "அட" என்று அவர் சொன்னது மட்டும் நம் காதில் விழுந்தது. ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர் ஒருவர் மத்தியானம் மூன்று மணிக்கு "அட" என்று சொன்னால், பின்னாலேயே ஒரு நடவடிக்கை வரும் என்று யாராவது ஊகித்திருக்கலாம். மகள் பயணக் களைப்பு இன்னும் தீராமல் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா வேலைக்குப் போயிருந்தார். ஊகிக்க ஆள் இல்லை.

மறுநாள் விழா நாள். பம்பரம் எழுந்து வந்தபோது அப்பா கோட்டுப் போட்டு, கழுத்தில் அட்டை மாட்டி, கண்ணாடி முன் நின்று தன்னைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு வயதில் கோலைச் சுழற்ற ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வீட்டில் பம்பரம் என்றுதான் பெயர். அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் தராசு. அது முதுகுக்குப் பின்னால் மட்டும். முகத்துக்கு முன்னால் அவர் சார்தான்.

கழுத்து அட்டையில் ‘தலைமை மேலாளர், பன்னாட்டுப் பிரிவு’ என்று அச்சடித்திருந்தது. அச்சடிக்கக் கொடுத்தவரும் அவரே, பதவியில் அமர்த்தியவரும் அவரே.

"அத்தான், பன்னாட்டுப் பிரிவு நீங்க. உள்நாட்டுப் பிரிவு யாரு?" என்றார் மாமா, காபி ஆற்றிக்கொண்டே.

"உங்க அக்காதான். ஊர்ல இருந்து பாத்துக்குறா."

"அங்க பாத்துக்க என்ன இருக்கு?"

"வர்றவங்களுக்கு பதில் சொல்ல வேண்டாமா? நம்ம வார்டு தலைவர் வீட்டு வாசல்ல திரை கட்டி நேரடியா காட்டப்போறாங்க. நாப்பது நாற்காலி போட்டிருக்காங்களாம்."

பம்பரம் ரொட்டியைக் கடித்தாள். நாற்பது நாற்காலியும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. இன்று பார்க்க வருகிறவர்களில் ஒரே ஒருத்தர்தான் கணக்கு. இந்த ஊர்க் கோல் பயிற்சிப் பள்ளியின் தலைவி. எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். வெளியூர்ப் பெண்களில் ஒருத்தியை மட்டும் ஒரு வருஷப் பயிற்சிக்கு எடுப்பார். வயது வரம்பு பதினெட்டு. அடுத்த மாதம் பம்பரத்துக்குப் பத்தொன்பது. இன்று தவறினால் ஞாயிற்றுக்கிழமை விமானம், திங்கட்கிழமை அப்பாவின் சிநேகிதர் கடையில் பில் போடும் ஸ்டூல். ஸ்டூலைத் துடைத்து மெத்தைகூடப் போட்டாயிற்று என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

"கிளம்பலாமா?" என்றார் மாமா. "வண்டி கீழ நிக்குது."

மாமா பெரிய ஓட்டலில் ‘நிர்வாகத்தில்’ இருக்கிறார் என்பது பத்து வருஷமாக ஊரில் நிலவிவந்த செய்தி. அவர் நிர்வகிப்பது அந்த ஓட்டலின் படுக்கை விரிப்புகள், துண்டுகள், ஜன்னல் திரைகள் ஆகியவற்றின் சலவையை என்பது மூன்று நாள் முன்பு விமான நிலையத்தில், வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் தெரிந்துபோனது. அன்றிலிருந்து மாமா எங்கே நிறுத்தினாலும், சலவைக்கூடம் என்று எழுதிய பக்கம் சுவரைப் பார்த்த மாதிரியே நிறுத்துகிறார். மறுபக்கத்திலும் அதையேதான் எழுதியிருக்கிறது. ஒரு பக்கமாவது மறையட்டுமே என்பது அவர் எண்ணம்.

வண்டியின் பின்பக்கத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவே பம்பரம் உட்கார்ந்துகொண்டாள். உறையிலிருந்து கோலை எடுத்தாள்.

கோல் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். உள்ளே கூடான எஃகுத் தண்டு, ஒரு முனையில் பெரிய ரப்பர்ப் பந்து, மறுமுனையில் சின்ன ரப்பர் மொட்டு. அவ்வளவுதான். வாத்தியக் கோஷ்டிக்கு முன்னால் நடந்துகொண்டே அதை விரலிடுக்கில் சுழற்ற வேண்டும். ஆகாயத்தில் எறிந்து, அது இறங்குவதற்குள் தானும் சுழன்று, பார்க்காமல் பிடிக்க வேண்டும். தண்டின் நடுவிலிருந்து கொஞ்சம் பந்துப் பக்கமாகத் தள்ளி, பம்பரம் ஒரு சிவப்பு டேப் சுற்றியிருந்தாள். அந்த இடத்துக்குக் கீழே ஒரு விரலை வைத்தால் கோல் அசையாமல் நிற்கும். தினமும் காலையில் ஒரு தடவை அப்படி நிறுத்திப் பார்ப்பாள். சிலர் தினமும் நாடி பார்த்துக்கொள்வதைப் போல.

விரலை வைத்தாள். கோல் மொட்டுப் பக்கம் சாய்ந்தது.

வண்டி ஒரு திருப்பத்தில் திரும்பியதால் என்று நினைத்தாள். சிக்னலில் நின்றதும் மறுபடி வைத்தாள். மறுபடி சாய்ந்தது.

"அப்பா, கோலை எடுத்தீங்களா?"

"எடுத்தேன்," என்றார் முன் சீட்டிலிருந்து. பாராட்டை எதிர்பார்க்கும் குரல். "நீயா கண்டுபிடிக்கட்டும்னுதான் சொல்லல."

"என்ன பண்ணீங்க?"

"அதுல ஒரு குறை இருந்துச்சும்மா. பதினோரு வருஷமா நீ கவனிக்கல. உங்க டீச்சரும் கவனிக்கல. பந்து இருக்கற பக்கம் மொட்டு இருக்கற பக்கத்தைவிட பதினோரு கிராம் கூட."

"அது அப்படித்தான் இருக்கணும்ப்பா."

"நான் கடையில புடிச்ச ஒவ்வொருத்தனும் இதையேதான் சொன்னான்."

மாமா திரும்பிப் பார்த்தார். "அத்தான், என்ன வச்சு சரி பண்ணீங்க?"

"திரைச்சீலை அடியில தச்சிருப்பாங்களே, காத்துல பறக்காம இருக்க, ஈய மணி. ஒண்ணு ஒன்றரை கிராம். ஏழு மணி."

"என் வீட்டுத் திரையா? நேத்து சாயங்காலம் பூரா அது மூஞ்சில வந்து அடிச்சுது. நான் என் நேரம் சரியில்லைன்னு நெனச்சேன்."

"ஏழு ஒன்றரை பத்தரைதானே," என்றாள் பம்பரம். ஏன் அதைக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அரை கிராம் வித்தியாசம் வருது. அது அனுமதிக்கப்பட்ட பிழை. சட்டத்துல இடம் இருக்கு."

மொட்டுக்குள் ஈயத்தை அடைத்து, தண்டின் வாயில் பஞ்சு வைத்து, விடாப்பிடிப் பசை ஊற்றி ஒட்டியிருந்தார். நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். அசையவில்லை. மொட்டின் அடியில், தண்டில், ஆணியால் கீறிய ஒரு சின்ன வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் வருஷமும் அவருடைய பழைய அலுவலக எண்ணும். இருபத்தெட்டு வருஷம் எடைக்கற்களுக்குக் குத்திய அதே முத்திரை. கை மறக்கவில்லை.

இன்னொரு கோல் இல்லையா என்று வாசகர்கள் கேட்பது புரிகிறது. இருந்தது. வழியனுப்பு விழா மேடையில் சிறப்பு விருந்தினருக்கு நினைவுப் பரிசு கொடுக்க எதுவும் வாங்கி வைக்கவில்லை என்பது கடைசி நிமிஷத்தில் தெரியவந்ததும், அப்பா அதை எடுத்து வார்டு தலைவர் கையில் கொடுத்துவிட்டார். அது இப்போது அவர் வீட்டு வரவேற்பறையில், கண்ணாடி அலமாரியில், எதற்கென்று தெரியாமல் நிற்கிறது.

பம்பரம் அழவில்லை. சிவப்பு டேப்பை உரித்தாள். விரலை நகர்த்தி நகர்த்திப் புதிய நடுவைக் கண்டுபிடித்து, அங்கே சுற்றினாள்.

பன்னாட்டு அணிவகுப்புக் கலை விழா ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. ஒன்பது குழுக்கள். ஆறு அதே ஊர். ஒன்று பக்கத்து ஊர். எட்டாவது குழு வரவில்லை, கொடி மட்டும் வந்திருந்தது. ஆகவே ‘பன்னாட்டு’ என்ற சொல்லின் பாரம் முழுக்க, டீச்சர் அழைத்து வந்திருந்த பதினாறு பெண்களின் தலையில் விழுந்தது.

விழாத் தலைவர் நேரம் தவறாமை பற்றி நாற்பத்தைந்து நிமிஷம் பேசினார். அவருக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் நாற்காலியில் மட்டும் பட்டு நாடா கட்டியிருந்தது. பக்கத்தில் வெள்ளைக் கையுறை அம்மாள் மடியில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தார். கைதட்டும் இடங்களில் அவர் தட்டவில்லை. கையுறை அழுக்காகும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த முக்கால் மணி நேரம் பம்பரத்துக்கு உதவியது. தூண் மறைவில் நின்று முப்பது தடவை எறிந்து பார்த்தாள். கோல் கனத்துவிட்டது, சோம்பலாகச் சுழன்றது. இவள் மூன்று சுற்றுச் சுற்றி முடிக்கும்போது அது இன்னும் கால் சுற்று பாக்கி வைத்திருந்தது. ஊர்க் கல்யாண வேலை மாதிரி, எல்லாம் முடிந்ததாகத் தெரியும், ஒன்று மட்டும் முடிந்திருக்காது. முப்பதில் பத்தொன்பது பிடித்தாள்.

டீச்சர் விசிலைக் கழுத்தில் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தார். "என்ன, தடுமாறுற?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"கை வலிச்சா சொல்லு. என் கோலைத் தர்றேன். உனக்கு ரெண்டு அங்குலம் குட்டை."

"வேண்டாம் டீச்சர். இதுவே போதும்."

அப்பா நாடா கட்டாத நாற்காலிகளின் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். யாரோ ஒருவரிடம் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கேட்டவருக்கு மொழி புரியவில்லை. அதனால் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார்.

ஒலிபெருக்கியில் அவள் பெயரை மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றில் எதுவும் அவளுடையது அல்ல என்பதால் நின்ற இடத்திலேயே நின்றாள். நான்காவதில் டீச்சர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

முரசு தொடங்கியது. விரலிடுக்கில் எட்டுப் போட்டாள். முழங்கையில் உருட்டினாள், பிடரியில் உருட்டினாள். எல்லாம் நடந்தது. பிடாரன் கையில் பாம்பு மாதிரி கோலும் வளைந்து கொடுத்தது. அம்மாளின் பேனா இரண்டு தடவை அசைந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்புறம் பெரிய எறிதல்.

எறிந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. கை நீட்டினாள்.

தண்டு வர வேண்டிய இடத்துக்குப் பந்து வந்தது. மணிக்கட்டில் இடித்து, சிமெண்டுத் தரையில் டங்கென்று விழுந்து, மொட்டும் பந்துமாக உருண்டு, யாரும் தடுக்காததால் நேராகப் போய் விழாத் தலைவரின் காலடியில் நின்றது.

கீழே விழுந்தால் எடுத்துக்கொண்டு தொடர வேண்டும், அதுதான் விதி. ஆனால் விழாத் தலைவர் எத்தனையோ மேடை கண்டவர். தன் காலடிக்கு வருகிற பளபளப்பான பொருள் எதுவும் நினைவுப் பரிசாகத்தான் இருக்கும் என்பது அவர் அனுபவம். குனிந்து எடுத்தார். எழுந்தார். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, கூட்டத்துக்கு வணக்கம் வைத்தார். நான்கு பேர் படம் எடுத்தார்கள்.

பாட்டில் இன்னும் இருபத்து நான்கு தாளம் பாக்கி இருந்தது.

பம்பரம் வெறும் கையால் ஆடினாள். இல்லாத கோலை விரலிடுக்கில் சுழற்றினாள், முழங்கையில் உருட்டினாள். கடைசித் தாளத்துக்கு முன்னால் மறுபடி எறிந்தாள், மூன்று சுற்றுச் சுற்றினாள், கையை நீட்டினாள், விரல்களை மூடினாள். அந்த ஒரு தடவைதான் அன்று கச்சிதமாகப் பிடித்தாள்.

கூட்டம் தட்டியது. இது ஏதோ புது வகை என்று நினைத்திருப்பார்கள். அம்மாள் தட்டவில்லை, எழுதினார். அப்பாவும் தட்டவில்லை.

பம்பரம் ஓரமாக வந்தபோது டீச்சர் விழாத் தலைவரிடமிருந்து கோலை வாங்கி வந்திருந்தார். அவர் பிடியிலிருந்து அதைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டதாம். "என்னடி ஆச்சு?"

"கை வழுக்கிடுச்சு டீச்சர்."

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கோலை ஒரு விரலில் நிறுத்தினார். அது தண்டின் நட்டநடுவில், பள்ளிக்கூடத்து அடிக்கோல் மாதிரி ஒழுங்காக நின்றது. டீச்சர் முகம் மாறியது. மொட்டைத் தடவினார். கீறலைக் கண்டார்.

"இது யாரு முத்திரை?"

பம்பரம் தன் ஷூவைப் பார்த்தாள். அப்பாவின் ஷூவும் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னுதுதான்," என்றார் அப்பா. "மாத்துனது நான். அவளுக்குத் தெரியாது."

"அப்பா, சும்மா இருங்க."

"முத்திரை இருக்கும்மா. முத்திரை போட்டவன் நான் போடலன்னு சொல்ல முடியாது."

டீச்சர் எதிர்பார்த்ததைவிட மெதுவாகப் பேசினார். "ஒரு வழி இருக்கு சார். கருவியில கோளாறுன்னு நிரூபிச்சா நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மறுவாய்ப்பு தருவாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். என்ன ஆச்சு, யாரால ஆச்சுன்னு."

"நீங்க எழுதிடுங்க."

"நான் எழுத முடியாது. குழு மேலாளர்தான் எழுதணும்னு விதி." டீச்சர் அட்டையைப் பார்த்தார். "அவங்க பதிவேட்டுல மேலாளர்னு உங்க பேர்தான் ஏறியிருக்கு. முதல் நாளே அட்டையைக் காட்டினீங்களே. நம்பி எழுதிக்கிட்டாங்க."

அப்பா அட்டையைத் தொட்டுப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அது உண்மையான அட்டையாக இருந்தது.

"இன்னொண்ணு சார். கருவியைக் கெடுத்தவர்னு யாரு பேரு வருதோ, அவரு விழா முடியற வரைக்கும் மைதானத்துக்குள்ள வரக்கூடாது."

மாமா தொண்டையைச் செருமினார். "அத்தான், திரை மேல பழி போட்டுறலாமா? என் திரைதானே. நான் போகாட்டி யாரும் தேட மாட்டாங்க."

"பொய் அறிக்கையா?" அப்பா அவரைப் பார்த்த பார்வையில், ஒரு காலத்தில் மளிகைக் கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து நின்றிருப்பார்கள்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் தாள் வைத்து எழுதினார். பம்பரம் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். அவர் கையெழுத்து அரசாங்கக் கையெழுத்தாகவே இருந்தது. சோதனை நடந்த இடம், நேரம், கைப்பற்றப்பட்ட பொருள், கண்டறியப்பட்ட எடை, சேர்க்கப்பட்ட ஈய மணிகள் ஏழு. குற்றம் சாட்டுபவர் என்ற இடத்தில் தன் பெயர். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்திலும் தன் பெயர். சாட்சி என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, மாமா பெயர். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் எழுதிய வழக்குகளிலேயே இதுதான் ஓட்டை இல்லாதது. எதிரி தப்பிக்க ஒரு வரிகூட விட்டுவைக்கவில்லை.

டீச்சர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். அம்மாள் நின்றபடியே படித்தார். ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாளை காலை பத்து மணி, இதே கோல், ஈயம் எடுத்த பிறகு. வேறு கோல் கூடாது, ஏனென்றால் நிரூபிக்க வேண்டியது இந்தக் கோலைத்தான்.

வண்டியில் அப்பாவின் போன் அடித்தது. அம்மா.

"என்னங்க, புள்ள கையில கோலே இல்லாம ஆடினாளாமே? வார்டு தலைவர் அசந்துபோயிட்டாரு. இது வெளிநாட்டு ஸ்டைலான்னு கேக்குறாரு. நான் ஆமான்னுட்டேன். சரிதானே?"

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். "சரிதான்," என்றார். "நாளைக்கும் இருக்குன்னு சொல்லு. நாளைக்கு நான் தெரிய மாட்டேன். வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"வெளிய."

மாமா வண்டியை வீட்டுக்கு விடவில்லை. ஓட்டலின் பின்வாசலுக்கு விட்டார். முதல்முறையாக, எழுத்து தெரியும்படியே நிறுத்தினார். உள்ளே ஆவி சூழ்ந்த நீண்ட கூடம். ஆள் உயரத்துக்கு விரிப்பு மலைகள். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேசிய தோரணையைப் பார்த்தால், நிர்வாகம் என்று அவர் சொன்னது அவ்வளவு பெரிய பொய்யில்லை என்று தோன்றியது.

"பசைக்கு ஆவிதான் வைத்தியம். சட்டைக் காலர்ல பபிள்கம்மே எடுத்திருக்கேன். குடும்மா."

இஸ்திரி மேஜையின் ஆவிக் குழாயை மொட்டின் மேல் பிடித்தார். கால் மணி நேரம். ரப்பர் வியர்த்தது, இளகியது. துணி சுற்றித் திருகி இழுத்தார். பொளக் என்று வந்துவிட்டது. ஈய மணிகள் மேஜை மேல் சிதறி உருண்டன.

அப்பா ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக வைத்தார். பம்பரம் டேப்பை உரித்துப் பழைய இடத்தில் சுற்றி, கழன்ற மொட்டைத் திரும்பச் செருகி, விரலில் நிறுத்தினாள்.

நின்றது. பிறகு, தூக்கம் வருகிறவன் தலை மாதிரி, மெல்ல மொட்டுப் பக்கம் சாய்ந்தது.

"அப்பா, எத்தனை மணி போட்டீங்க?"

"ஏழு. அறிக்கையிலயே இருக்கு."

மூவரும் மேஜையைப் பார்த்தார்கள். அப்பா விரல் வைத்து எண்ணினார். அப்புறம் மாமா எண்ணினார். ஆறு.

"ஒன்றரை கிராம்," என்றார் அப்பா. அது எந்தச் சட்டத்திலும் அனுமதிக்கப்பட்ட பிழை அல்ல என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பம்பரம் மொட்டைக் கழற்றித் தண்டின் வாயைப் பார்த்தாள். அடைப்புக்கு வைத்த பஞ்சு பசையில் ஊறி, கல்லாக இறுகி, தண்டோடு தண்டாக நின்றது. கோலை மெதுவாகப் பந்துப் பக்கம் சாய்த்தாள்.

பஞ்சுக்கு அந்தப் பக்கம், தண்டுக்குள்ளே, ஏதோ ஒன்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நிதானமாக உருண்டு போகும் சத்தம் கேட்டது.